அணை உடையவில்லை, பிறகு லோங்கரோனே எப்படி அழிந்தது?

"1963-ல் இத்தாலியில் ஒரு அணை உடையாமலேயே 2,000 பேர் செத்தார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது எப்படி முடியும்? எஞ்சினியர்களுக்கு முன்பே தெரியும், மறைத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? அணைதான் உடையவில்லையே, இதை ஏன் அணை விபத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி இருந்தாலும் நடுவில் இருப்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று படுகிறது. தெரிந்தே விட்டார்களா, தெரியாமல் போய்விட்டதா? இரண்டில் எது என்று ஒரே சொல்லில் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மலை சரியப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அது எப்படிச் சரியும் என்பதில்தான் கோட்டை விட்டார்கள். அந்த இடைவெளியை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பாறை, மண் சார்ந்த பொறியியல் படித்தவன். நீர்மின் திட்டங்களில் மலைச்சரிவுகளில் கருவி பதித்து அளக்கும் வேலையில்தான் உத்தியோக காலம் பெரும்பாலும் போனது. எங்கள் தொழிலில், நீங்கள் கேட்கும் அந்த வயோன்ட் அணையின் பெயரைக் கேட்காமல் யாரும் படிப்பை முடிப்பதில்லை. ஆனால் நான் வழக்கறிஞன் இல்லை. ஆகவே மலை, நீர், அளவீடு பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் உறுதியாகவும், யார் குற்றவாளி என்பது பற்றிச் சொல்வதை ஒரு வாசகனின் கருத்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். வெனிஸ் நகருக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், ஆல்ப்ஸ் மலைகளுக்குள் இருக்கிறது வயோன்ட் பள்ளத்தாக்கு. ஆறு சிறியதுதான். ஆனால் மலையைக் கத்தியால் கீறியது போன்ற ஆழமான ஒடுக்கத்தின் வழியே வந்து பியாவே ஆற்றில் சேர்கிறது. சேரும் இடத்துக்கு நேர் எதிரே, பியாவேயின் மறுகரையில் லோங்கரோனே என்ற ஊர். அந்த ஒடுக்கத்தை அடைத்து, சாதே என்ற தனியார் மின் நிறுவனம் 261.6 மீட்டர் உயரத்தில் ஒரு வளைவு அணையைக் கட்டியது. வேலை தொடங்கியது 1957-ல். வடிவமைத்தவர் கார்லோ செமென்ஸா. நமக்குப் பழக்கமான வளைவு அணை இடுக்கி. அதன் உயரம் 169 மீட்டர் அளவில்தான். வயோன்ட் அதைவிட 90 மீட்டருக்கு மேல் அதிகம். உச்சியில் கான்கிரீட்டின் தடிமனோ வெறும் 3.4 மீட்டர். கட்டிய காலத்தில் உலகிலேயே உயரமான வளைவு அணை அதுதான். நீர்த்தேக்கத்தின் தென்கரையில் நின்றது டோக் மலை.

1963 அக்டோபர் 9, புதன்கிழமை, இரவு 10 மணி 39 நிமிடம். அந்த மலையின் வடக்குச் சரிவிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரும் பாறைத் தகடு மொத்தமாக நழுவி ஏரிக்குள் இறங்கியது. கனஅளவு சுமார் 27 கோடி கனமீட்டர். நம் கணக்கில் ஒன்பதரை டிஎம்சி. செம்பரம்பாக்கம் ஏரி முழுதாக நிரம்பினால் பிடிக்கும் தண்ணீரைப் போல இரண்டரை மடங்கு, அத்தனையும் பாறை. அப்போது ஏரியில் இருந்த தண்ணீரோ 11.5 கோடி கனமீட்டர், நான்கு டிஎம்சிதான். அதாவது ஏரியில் இருந்த நீரைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட பாறை உள்ளே வந்தது. மணிக்கு 70 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒடுக்கத்தைத் தாண்டி எதிர்க்கரையில் 140 மீட்டர் வரை ஏறி நின்றது பாறை. ஐரோப்பாவின் பல நிலநடுக்க நிலையங்களில் அந்த அதிர்வு பதிவானது.

இனி உங்கள் முதல் கேள்விக்குப் பதில் எளிது. தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது, அது எங்காவது போயாக வேண்டும். ஒரு பகுதி எதிர்க்கரையில் 200 மீட்டருக்கும் மேலே ஏறி காஸ்ஸோ கிராமத்தின் கீழ்வீடுகளைத் தொட்டது. ஒரு பகுதி ஏரியின் மேற்பக்கம் ஓடிக் கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. இரண்டரை முதல் மூன்று கோடி கனமீட்டர் தண்ணீர் அணையின் தலைக்கு மேலே தாவி, ஒடுக்கத்துக்குள் விழுந்தது. ஏறக்குறைய ஒரு டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டிய நீர் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். இங்கே அது சில நிமிடங்களில் கடந்தது. அகலமே இல்லாத ஒடுக்கம் என்பதால் நீர் பரவி வேகம் குறையவும் வழியில்லை. ஒடுக்கத்தின் வாயில் அலை இன்னும் 70 மீட்டர் உயரத்தில் இருந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. அலைக்கு முன்னால் அது தள்ளிக்கொண்டு வந்த காற்றே வீடுகளைப் பிய்த்தது.

சரிவு தொடங்கி நான்கு நிமிடத்தில் லோங்கரோனேயின் பெரும்பகுதி இல்லை. அந்த இரவு ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தாட்டத்தில் ரியல் மாட்ரிட்டும் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸும் மோதின. அக்கம்பக்கத்துச் சிற்றூர்களில் தொலைக்காட்சி அரிது. ஆட்டம் பார்ப்பதற்காக ஊருக்குள் மதுக்கடைகளுக்கு வந்திருந்தவர்களும் பலியானார்கள். மொத்த உயிரிழப்பு 1,900-க்கும் மேல். 1,910, 1,917 என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறும். இத்தகைய விபத்துகளில் இறந்தவர்களைவிடக் காயம்பட்டவர்கள் பல மடங்கு இருப்பார்கள். இங்கே தலைகீழ். மருத்துவமனைகள் தயாராகக் காத்திருந்தன, கொண்டுவருவதற்கு அதிகம் பேர் இல்லை. கிடைத்த உடல்களிலும் பாதியை யாரென்று அடையாளம் காண முடியவில்லை.

அணை மட்டும் நின்றது. உச்சியில் இருந்த சாலை பிய்த்துக்கொண்டு போனது, ஓரங்களில் கொஞ்சம் சேதம், அவ்வளவுதான். கட்டுமானக் கணக்கு என்று பார்த்தால் செமென்ஸாவின் அணை ஓர் அற்புதம். அவர் 1961-லேயே இறந்துவிட்டார், தன் அணை எதைத் தாங்கியது என்பதைப் பார்க்கவில்லை.

இப்போது நடுக்கேள்வி. என்னென்ன தெரிந்திருந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் உங்களுக்கே ஆத்திரம் வரும். 1959 மார்ச்சில், அதே நிறுவனத்தின் பொன்தேசேய் என்ற நீர்த்தேக்கத்தில், வயோன்டிலிருந்து அதிகத் தொலைவில்லை, சுமார் 30 லட்சம் கனமீட்டர் மண்ணும் பாறையும் சரிந்து ஏரிக்குள் விழுந்தது. அலையில் ஒரு காவலாளி இறந்தார். இதற்குப் பிறகுதான் வயோன்ட் கரைகளைத் தீவிரமாக ஆராயச் சொன்னார்கள். ஆராய்ந்தவர்களில் ஒருவர் எதுவார்தோ செமென்ஸா, அணையை வடிவமைத்தவரின் மகன், இளம் நிலவியலாளர். அவர் கண்டுபிடித்தது சாதாரண விஷயம் இல்லை. டோக் மலையின் அந்தச் சரிவு முழுவதும் ஒரு பழங்காலத்துப் பெருஞ்சரிவின் மிச்சம், ஒரு முறை நழுவி வந்து நின்றுகொண்டிருக்கும் மலைத்துண்டு என்றார். எதிர்க்கரையில் தனியாக நின்ற ஒரு பாறைமேடு, தென்கரையிலிருந்து வந்து சேர்ந்ததுதான் என்றும் காட்டினார். அளவு 20 கோடி கனமீட்டர் வரை இருக்கலாம் என்று 1960-லேயே எழுதினார்.

மூத்த நிபுணர்கள் அதை ஏற்கவில்லை. நிலநடுக்க அலைகளைச் செலுத்திப் பார்த்த முதல் ஆய்வில், மேலே பத்துப் பன்னிரண்டு மீட்டர் மட்டுமே தளர்ந்த பொருள், கீழே உறுதியான பாறை என்று வந்தது. ஓராண்டு கழித்து அதே ஆய்வை மறுபடி செய்தபோது, 150 மீட்டர் ஆழம் வரை பாறை நொறுங்கியிருப்பதாக வந்தது. ஒரே இடம், ஒரே ஆய்வாளர், இரண்டு விடைகள். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு: முதல் விடை மனதுக்குப் பிடித்ததாக இல்லாமல் இருந்திருந்தால், அதை அவ்வளவு சுலபமாக நம்பியிருப்பார்களா?

1960 நவம்பர் 4-ல் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது. ஏரியில் நீர் முதல்முறையாக 650 மீட்டர் மட்டத்தைத் தொட்டிருந்தது (மட்டம் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து, அணையின் உச்சி 722 மீட்டரில்). ஏழு லட்சம் கனமீட்டர் சரிந்து ஏரிக்குள் விழுந்தது. அதைவிட முக்கியம், மலையின் மேலே இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல் திறந்தது. வானிலிருந்து பார்த்தால் எம் எழுத்து போல. அந்தக் கோடுதான் நழுவப்போகும் துண்டின் எல்லை. மலை தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. மூன்றாண்டு கழித்து நழுவியது ஏறக்குறைய அதே கோட்டின் வழியாகத்தான்.

இதைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. உடனே நீரை 600 மீட்டருக்கு இறக்கினார்கள். ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற பாறைப் பொறியாளர் லெயோபோல்ட் முல்லரை அழைத்தார்கள். அவர் 1961 பிப்ரவரியில் தந்த அறிக்கையில் சரியக்கூடிய அளவு 20 கோடி கனமீட்டர் என்றும், அதைத் தடுத்து நிறுத்தும் வழி நடைமுறையில் இல்லை என்றும் எழுதினார். அதே ஆண்டு நிறுவனம் எதிர்க்கரைப் பாறைக்குள் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் குடைந்தது. எதற்கு? மலை சரிந்து ஏரியை இரண்டாகப் பிரித்துவிட்டால், மேல் ஏரியின் நீர் அணைப் பக்கம் வந்து சேர. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மலை வந்து ஏரியை அடைத்துக்கொள்ளும், அதன் பிறகும் மின்சாரம் எடுக்க வேண்டும் என்று காசு செலவழித்துத் தயாரானவர்கள், மலை சரியும் என்று தெரியாதவர்களாக இருக்க முடியாது.

அப்படியென்றால் ஏன் தொடர்ந்தார்கள்? என் பார்வையில் முழுக் கதையும் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் கையில் ஒரு நெம்புகோல் இருப்பதாக நம்பினார்கள். அந்த நெம்புகோல், ஏரியின் நீர்மட்டம். 1960-ல் நீரை ஏற்றியபோது மலை நகர்ந்தது, இறக்கியபோது நின்றது. 1962-ல் மெல்ல மெல்ல 700 மீட்டர் வரை ஏற்றினார்கள், நகர்வு நாளுக்கு ஒரு சென்டிமீட்டரை எட்டியது, 650-க்கு இறக்கினார்கள், நகர்வு ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டது. அதோடு 1962-ல் 650 மட்டத்தைக் கடந்தபோது, 1960-ல் அதே மட்டத்தில் இருந்ததைவிட நகர்வு குறைவாக இருந்தது. இதிலிருந்து ஒரு கருத்து பிறந்தது: பாறை முதல்முறை நனையும்போதுதான் நகர்கிறது, ஒருமுறை நனைந்துவிட்ட பகுதி அடுத்த முறை அடங்கிவிடும். ஆகவே படிப்படியாக நனைத்துக்கொண்டே போனால், மலையைத் தவணை தவணையாகக் கீழே இறக்கிவிடலாம். வேகம் கூடினால் நீரை இறக்கு, குறைந்தால் ஏற்று.

முட்டாள்தனம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டு முறை சோதித்து, இரண்டு முறையும் பலித்த கருத்து அது. வரைபடத் தாளில் நீர்மட்டக் கோடும் நகர்வுக் கோடும் அவ்வளவு அழகாகச் சேர்ந்து ஏறி இறங்கும்போது, "இது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று நினைக்காத எஞ்சினியர் அபூர்வம். ஆபத்து என்னவென்றால், அந்த இரண்டு கோடும் சரிவின் மெதுவான கட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். அடித்தளத்தில் உராய்வு தேய்ந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், நெம்புகோல் கையோடு வந்துவிடும். அந்தக் கட்டம் எங்கே என்பதை முந்தைய இரண்டு சோதனையும் சொல்லாது, ஏனென்றால் அவை இரண்டும் அந்தக் கட்டத்துக்கு இப்பால் நடந்தவை.

இன்னொரு தைரியமும் அவர்களுக்கு இருந்தது. பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் அகுஸ்தோ கெத்தி, நோவே என்ற இடத்தில் பள்ளத்தாக்கின் மாதிரி ஒன்றை 1-க்கு 200 என்ற அளவில் கட்டி, சரளைக் கற்களை ஏரிக்குள் தள்ளி அலையை அளந்தார். 1962-ல் வந்த முடிவு: நீர்மட்டம் 700 மீட்டரில் இருந்தால், எவ்வளவு மோசமான சரிவு வந்தாலும் கீழே ஊருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த மாதிரியில் தள்ளிய கல், நிஜ அளவில் 4 கோடி கனமீட்டருக்குச் சமம். முல்லர் ஓராண்டுக்கு முன்பே 20 கோடி என்று எழுதியிருந்தார். ஐந்தில் ஒரு பங்கு. மேலும் உதிரிக் கல் குவியலாகச் சரிவது வேறு, ஒரே தகடாக விறைப்பாக இறங்கும் பாறை வேறு. இரண்டாவது, தண்ணீரைத் தன் இடுக்குகளில் விடாமல் மொத்தமாக முன்னால் தள்ளும். கெத்தியின் குழு மேலும் சோதனை வேண்டும் என்ற நிலையில்தான் இருந்தது. எங்கள் துறையில் இது சாபக்கேடு: அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு எண் கூட்டத்துக்குக் கூட்டம் பயணம் செய்யும், அந்த எண்ணுக்குக் கீழே இருந்த நிபந்தனைகள் முதல் கூட்டத்திலேயே உதிர்ந்துவிடும். "700 மீட்டர் பாதுகாப்பு" என்பது அப்படி வேதவாக்கானது.

1963-ல் மூன்றாவது முறை ஏற்றினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் மட்டம் 710. அந்தக் கோடையும் அதன் பின்னும் நல்ல மழை. நகர்வு நாளுக்குச் சில சென்டிமீட்டராகக் கூடியது. செப்டம்பர் கடைசியில் நீரை இறக்கத் தொடங்கினார்கள், வழக்கம்போல மலை அடங்கும் என்று. அடங்கவில்லை. மட்டம் குறையக் குறைய வேகம் கூடியது. அக்டோபர் 9 அன்று நாளுக்கு 20 சென்டிமீட்டர். சரிவில் மரங்கள் சாய்ந்தன, சாலையில் விரிசல் கண்ணெதிரே அகன்றது. முந்தின நாளே டோக் மலைச் சரிவில் இருந்தவர்களை வெளியேறச் சொல்லி, ஏரியை ஒட்டிய எர்தோ ஊராட்சி உத்தரவிட்டது, ஏரிக்கரைக்குப் போக வேண்டாம் என்றும் எச்சரித்தது. திட்டப் பொறுப்பில் இருந்த அல்பெரிகோ பியாதேனே, விடுப்பில் அமெரிக்கா போயிருந்த களப் பொறியாளர் மாரியோ பான்சினிக்குச் சீக்கிரம் திரும்பி வரும்படி கடிதம் எழுதினார். கடவுள் நமக்கு நல்லபடி முடித்துத் தரட்டும் என்ற பொருளில் ஒரு வரி அதில் உண்டு. எல்லாம் நடந்தது, லோங்கரோனேக்குச் சொல்வதைத் தவிர. ஊழியர்கள் விளக்கு வெளிச்சத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு அணையருகே இரவுப் பணியில் இருந்தார்கள், அவர்களும் செத்தார்கள். உயிர் போகும் என்று நினைத்திருந்தால் அங்கே நின்றிருக்க மாட்டார்கள். 700 மட்டத்துக்கு இறக்கியாகிவிட்டது, அணையின் உச்சிக்கு இன்னும் இருபது மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறது, வரும் அலைக்கு அது போதும் என்ற கணக்குதான் அவர்களை அங்கே நிறுத்தியது.

இங்கே ஒரு கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை, இதைப் பொதுவாக யாரும் சொல்வதில்லை. மலைக்குள் நீர் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று பார்க்கத் துளை போட்டுக் குழாய் இறக்குவோம். குழாய்க்குள் நாடாவை விட்டால், நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே 'பீப்' என்று கத்தும், ஆழத்தைக் குறித்துக்கொள்வோம். எவ்வளவு எளிய வேலை! ஆனால் குழாயில் எந்த இடத்தில் ஓட்டை வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த 'பீப்'புக்கு அர்த்தம். குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் ஓட்டை வைத்து, மேலும் கீழும் அடைத்தால் அந்த ஆழத்தின் அழுத்தம் தெரியும். முழு நீளமும் ஓட்டையாக விட்டால் எல்லா அடுக்கின் நீரும் கலந்து ஒரு சராசரி வரும். வயோன்டில் 1961-ல் இறக்கிய சில குழாய்களும் இரண்டாவது வகை. அவை பெரும்பாலும் ஏரியின் மட்டத்தையே திருப்பிச் சொல்லின. ஒன்று மட்டும் ஆரம்பத்தில் ஏரியைவிட மிக உயரத்தில் நீர் காட்டியது, அதாவது அடியில் எங்கோ நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது என்ற தடயம். அந்தத் தடயத்தின் பின்னால் யாரும் போகவில்லை. நழுவு தளத்தைத் தேடிப் போட்ட ஆழ்துளைகளும் அதைத் தொடவில்லை.

எது உறுதி, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது என்று பிரித்துவிடுகிறேன். அளவு, வேகம், நேரம், விரிசலின் எல்லை, நீர்மட்ட வரலாறு எல்லாம் உறுதி. ஏரியின் நீர் மலையின் அடிவாரத்தை நனைத்து மிதக்கத் தூண்டியது, அதனால்தான் நகர்வு தொடங்கியது என்பதிலும் இன்று யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய களிமண் படலங்கள் இருந்தன என்பதை 1985-ல் ஹென்ட்ரன், பேட்டன் என்ற ஆய்வாளர் இருவரும் விரிவாகக் காட்டினார்கள். சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை தடிமன். அதற்கு முன் முல்லர் உட்படப் பலர் களிமண் அங்கே முக்கியமில்லை என்று நினைத்தார்கள். ஈரமான அந்தக் களிமண்ணின் உராய்வுக் கோணம் பத்துப் பன்னிரண்டு டிகிரியை ஒட்டித்தான் வருகிறது; அப்படிப்பட்ட மெத்தையின் மேல் சாய்வாகப் படுத்திருக்கும் மலை, இத்தனை காலம் நின்றதுதான் ஆச்சரியம்.

வாதத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று, மழையின் பங்கு. மேல் மலையில் பெய்த மழை அடிப்பாறையின் வழியாக வந்து களிமண் படலத்தைக் கீழிருந்து தூக்கியது, ஏரி மட்டும் காரணம் இல்லை என்பது ஒரு தரப்பு. 1963-ல் நீரை இறக்கியும் மலை அடங்காததற்கு இது நல்ல விளக்கம்தான். ஆனால் படிப்படியாகத் தேய்ந்து உடைந்த தளம், மழை இல்லாமலும் அதே போல நடந்திருக்கும் என்று மறுதரப்பு சொன்னால் மறுப்பதும் கடினம். நான் இரண்டும் சேர்ந்தது என்று நம்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். இரண்டாவது, அந்த வேகம். நாளுக்கு 20 சென்டிமீட்டர் நகர்ந்த ஒன்று, எப்படி ஒரு நிமிடத்துக்குள் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட்டது? நழுவு தளத்தில் உராய்வின் சூட்டில் களிமண்ணுக்குள் இருந்த நீர் விரிந்து, அழுத்தம் எகிறி, பாறை ஏறக்குறைய உராய்வே இல்லாமல் வழுக்கியது என்ற விளக்கம் பலருக்குப் பிடிக்கும்; கணக்கும் ஒத்துவருகிறது. ஆனால் கணக்கு ஒத்துவருவதும் அப்படித்தான் நடந்தது என்பதும் ஒன்றல்ல. மெதுவாக ஊர்ந்து வந்து ஏரியை அடைக்கும் என்ற அவர்களின் எதிர்பார்ப்பு தப்பியது இந்த ஒரு விஷயத்தில்தான் என்பதால், இதைத் தீர்க்க இன்றும் ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன.

'மறைத்தார்கள்' என்ற சொல்லுக்கு வருகிறேன். டீனா மெர்லின் என்ற பத்திரிகையாளர், லூனித்தா நாளிதழில், எர்தோ மக்களின் பயத்தை 1959-லேயே எழுதினார். அதற்காகப் பொய்ச்செய்தி பரப்பி மக்களைக் கலவரப்படுத்தினார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1960 நவம்பர் கடைசியில் மிலான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த நவம்பர் 4 சரிவு நடந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. பேரழிவு வழக்கு பாதுகாப்பு கருதி லாக்விலா நகருக்கு மாற்றப்பட்டது. 1968-ல் விசாரணை தொடங்கும் தறுவாயில் பான்சினி தற்கொலை செய்துகொண்டார். 1971-ல் இறுதித் தீர்ப்பு: சரிவும் அலையும் முன்கூட்டியே கணிக்கக்கூடியவைதான் என்று சொல்லி, பியாதேனேயையும் அரசின் அணைப் பிரிவுத் தலைவர் பிரான்செஸ்கோ சென்ஸிதோனியையும் குற்றவாளிகள் என்றார்கள். பியாதேனேவுக்கு ஐந்தாண்டு, அதில் மூன்றாண்டு தள்ளுபடியானது.

1963 தொடக்கத்தில் இத்தாலி மின்துறையைத் தேசியமயமாக்கியது; மார்ச்சில் சாதேவின் நிலையங்கள் எனெல் என்ற அரசு நிறுவனத்துக்குக் கைமாறின. அணை முழு மட்டத்தில் ஓடுகிறது என்று காட்டி நல்ல விலை வாங்கத்தான் அவசர அவசரமாக நீரை ஏற்றினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அவசரம் இருந்தது என்பது தேதிகளைப் பார்த்தாலே தெரிகிறது. காரணம் பணம்தான் என்பதை அவ்வளவு திட்டவட்டமாகச் சொல்ல நான் தயாராக இல்லை. கெத்தியின் சோதனையும் பழங்காலச் சரிவு பற்றிய அறிக்கையும் ஊராட்சிகளுக்கும் மக்களுக்கும் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் மறுக்க முடியாதது. அதை மறைத்தல் என்று சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் காணொளிகளில் வருவது போல, ஊர் அழியும் என்று தெரிந்துகொண்டே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்ற சித்திரம், ஆவணங்களோடு பொருந்தவில்லை. அலை சிறியதாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறினால் யாருக்கு நஷ்டம் என்ற கேள்வியைக் கேட்கவில்லை. ஊரைக் காலி செய்ய ஒரு நாள் போதுமாக இருந்தது, அந்த ஒரு நாள் அவர்கள் கையில் இருந்தது. என் கோபம் அங்கேதான்.

கடைசிக் கேள்வி: அணை உடையாதபோது ஏன் அணை விபத்து? எங்கள் கணக்கில் அணை என்பது கான்கிரீட் சுவர் மட்டும் இல்லை. சுவர், அது ஊன்றி நிற்கும் பாறை, நீர் தேங்கும் பள்ளம், பள்ளத்தின் கரைகள் எல்லாம் சேர்ந்ததுதான். நீரைத் தேக்கியதால் கரை சரிந்தது, சரிந்ததால் நீர் வெளியே வந்தது, அதனால் மக்கள் இறந்தார்கள். சங்கிலியின் முதல் கண்ணி தேக்கியதுதான். வயோன்டுக்கு முன்பு அணை ஆய்வு என்றால் பெரும்பாலும் சுவர் நிற்கும் இடத்தின் பாறையைத்தான் துருவுவார்கள். பிறகு நீர்த்தேக்கத்தின் முழுக் கரையையும் வரைபடமாக்கிப் பழைய சரிவுகளைத் தேடுவது வழக்கமானது. இதனால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று இல்லை. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2003-ல் நீரை முதல்முறை 135 மீட்டருக்கு ஏற்றிய சில வாரங்களிலேயே கிளையாற்றின் கரையில் சியான்ஜியாங்பிங் என்ற இடத்தில் பெரிய சரிவு வந்து உயிர்கள் போயின. ஏற்றும்போதும் சரி, வேகமாக இறக்கும்போதும் சரி, கரை அசைகிறதா என்று பார்க்கக் கருவிகள் பதித்திருக்க வேண்டும்; நகர்வு எவ்வளவு ஆனால் யாருக்கு எத்தனை மணி நேரத்தில் தகவல் போக வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருக்கவும் வேண்டும். உங்கள் பக்கத்தில் ஏதாவது மலை நீர்த்தேக்கம் இருந்து விசாரிக்க நினைத்தால், "அணை பலமாக இருக்கிறதா" என்பதைவிட இந்த இரண்டாவதைக் கேளுங்கள். பதில் சொல்பவர் ஒரு கோப்பை எடுத்து நீட்டுகிறாரா, மழுப்புகிறாரா என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.